மயில்கழுத்து நிறமும் ஒரு மில்லி செகண்ட் மானிட்டரும்

போன வாரம் பரோடாவிலிருந்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். பையன் ஒரு ஸ்டுடியோவில் போட்டோ எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறானாம். முதலாளி, "ஒரு நல்ல கம்ப்யூட்டரா நீயே பாத்துச் சொல்லு, வாங்கிடலாம்" என்று பொறுப்பை அவன் தலையில் கட்டிவிட்டார். "எந்த ப்ராசஸர் போடலாம் ஸார்?" என்று ஆரம்பித்தார் நண்பர்.

"ப்ராசஸர் இருக்கட்டும். மானிட்டர் என்ன பாத்திருக்கீங்க?"

"அது ஏதாவது ஒண்ணு கடைக்காரனே சேத்துக் குடுத்துருவான்."

இந்த 'ஏதாவது ஒண்ணு' இருக்கிறதே, அதனால் எங்கள் ஆபீசில் ஒரு பையன் சம்பளத்தில் மூவாயிரம் ரூபாய் பிடித்தார்கள். அவன் செய்த தப்பு எதுவும் இல்லை. அந்த மானிட்டரை வாங்கியவன் நான். அதைச் சொல்லாமல் யாருக்கும் ஆலோசனை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனவே முதலில் அந்தக் கதை.

நான் இருப்பது சூரத்தில். வேலை, புடவை வியாபாரி ஒருவரிடம். சூரத் என்றால் நம் ஊரில் வைரம் என்பார்கள். வைரமும் உண்டு, ஆனால் ரிங் ரோடு பக்கம் வந்தால் கண்ணுக்கெட்டிய வரை ஜார்ஜெட், ஷிஃபான், கிரேப் என்று துணி மூட்டைதான். முன்பெல்லாம் வியாபாரிகள் நேரில் வந்து பீஸைத் தொட்டுப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். இப்போது முக்கால்வாசி படம்தான். மாடலுக்குப் புடவையைக் கட்டி, படம் எடுத்து, திருத்தி, இணையக் கடைகளில் ஏற்றுகிறோம். அதாவது எங்கள் கடையின் வாசலே அந்த எடிட்டிங் மேஜைதான்.

2022இல் அந்த மேஜைக்கு மூன்று கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னார் ஷேட்ஜி. நான் கணக்கு, கணினி இரண்டையும் பார்ப்பவன்; சின்ன வயதிலிருந்தே பொட்டியைப் பிரித்து மேய்ந்தவன் என்ற மிதப்பு வேறு. இருப்பதிலேயே பெரிய ப்ராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு, உள்ளே கலர் கலராக லைட் எரியும் கேபினட் என்று போட்டுத் தள்ளினேன். பட்ஜெட்டில் மிச்சமிருந்த பணத்துக்குக் கடைக்காரர் ஒரு கேமிங் மானிட்டரைக் காட்டினார். "ஒரு மில்லி செகண்ட் ரெஸ்பான்ஸ் ஸார், 144 ஹெர்ட்ஸ்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். ஒரு மில்லி செகண்டாம்! புடவை என்ன ஓடவா போகிறது?

அது டிஎன் பேனல். இந்த வகைத் திரையில் ரெண்டு குணம் உண்டு. ஒன்று, பெரும்பாலும் ஒவ்வொரு நிறத்துக்கும் 6 பிட் கணக்கு, அதாவது 64 படிகள்தான். மூன்று நிறத்தையும் பெருக்கினால் 2,62,144 நிறம். 8 பிட் திரையானால் 1,67,77,216. நடுவில் விடுபட்டதைப் பக்கத்துப் படிகளை மாற்றி மாற்றி மினுக்கி, நம் கண்ணை ஏமாற்றிச் சமாளிக்கும். ரெண்டாவது குணம்தான் குடியைக் கெடுத்தது. நேரே பார்த்தால் ஒரு நிறம், மேலிருந்து பார்த்தால் வெளிறின நிறம், கீழிருந்து பார்த்தால் இருண்டு போன நிறம்.

இப்போது எங்கள் ஆபீஸைக் கற்பனை செய்து பாருங்கள். திருத்துகிற பையன் உட்கார்ந்திருப்பான். ஷேட்ஜி அவன் பின்னால் நின்றுகொண்டு படத்தை ஓகே செய்வார். அவர் நல்ல உயரம். அவன் கண்ணுக்குச் சரியாக இருக்கிற புடவை அவர் கண்ணுக்கு வெளிறித் தெரியும். "இன்னும் கொஞ்சம் டார்க் பண்ணு" என்பார். பண்ணுவான். "இன்னும் கொஞ்சம்." பண்ணுவான். இப்படி இரண்டு பேரும் ஒரே திரையில் இரண்டு வேறு புடவையைப் பார்த்துக்கொண்டு மாசக்கணக்காக வேலை செய்திருக்கிறார்கள். நான் அந்தப் பக்கமாக டீ கிளாஸோடு தினமும் போய் வந்திருக்கிறேன்.

அந்தப் பையன் ஒடிசா, கஞ்சாம் மாவட்டம். சூரத் தறிகளில் பாதி அவர்கள் ஊர்க்காரர்கள்தான். இவன் அப்பாவும் இருபது வருஷமாக இங்கே விசைத்தறி ஓட்டுகிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் வந்து சொன்னான், "ஸார், நான் நிமிர்ந்து உக்காந்தா ஒரு கலர், சாஞ்சு உக்காந்தா ஒரு கலர் தெரியுது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப நிமிர்ந்தே உக்காரு."

இதை எழுதும்போது இப்பவும் காது சுடுகிறது.

அந்த வருஷம் தீபாவளிக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஜார்ஜெட் புடவை போட்டோம். தெற்கே நன்றாக ஓடும் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஓடியது. பிறகு திரும்பி ஓடி வந்தது. மூட்டை மூட்டையாக. திருப்பிய காரணம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 'படத்தில் இருக்கிற கலர் இல்லை'. படத்தில் ஆழமாக, இருட்டும் பளபளப்புமாக இருந்தது. பார்சலைப் பிரித்தால் ஒரு படி வெளிறிய பச்சை. வாங்கினவர்கள் மேல் தப்பே கிடையாது. திரும்பி வரும் புடவைக்குப் போகிற கூலி, வருகிற கூலி, மறுபடி மடித்துப் பாக்கெட் போடுகிற கூலி எல்லாம் எங்கள் தலையில். ஷேட்ஜிக்குக் கோபம் வந்தது. கலர் திருத்தினது யார்? அந்தப் பையன். பிடி சம்பளத்தை.

பையன் எதிர்த்துப் பேசவில்லை. திரும்பி வந்த புடவை ஒன்றை எடுத்து மானிட்டர் மேலேயே விரித்துப் போட்டான். பாதித் திரையில் படம், பாதித் திரையில் நிஜம். என்னை அவன் நாற்காலியில் உட்காரச் சொன்னான். பார்த்தேன். பிறகு எழுந்து நிற்கச் சொன்னான். பார்த்தேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் பேசவில்லை.

நம் அம்மாக்கள் ஜவுளிக்கடையில் புடவையை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போவார்களே, "வெயில்ல பாத்தாத்தான் கலர் தெரியும்" என்று. சின்ன வயதில் எனக்கு அது மானக்கேடாக இருக்கும். கடைக்காரர் வேறு "அம்மா, எங்க டியூப்லைட்டு டியூப்லைட்டே இல்லம்மா, சூரியன்" என்று வழிவார். அம்மா கேட்க மாட்டாள். ஒரே துணி வெவ்வேறு வெளிச்சத்தில் வெவ்வேறு நிறமாகத் தெரியும் என்பதை எந்தக் காலேஜிலும் படிக்காமல் தெரிந்து வைத்திருந்தவள். மயில்கழுத்து இன்னும் மோசம். பட்டில் என்றால் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம்; மடிப்பு திரும்புகிற இடத்தில் நீலம் பச்சையாகும். அந்த அம்மாவுக்குப் பிறந்த நான், நிறத்தை நம்பிப் பிழைக்கிற கடைக்கு ஒரு மில்லி செகண்டைப் பார்த்து மானிட்டர் வாங்கினேன்.

சரி, கதை போதும். இப்போது என் கட்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். போட்டோ திருத்துகிற வேலைக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது நம் ஆட்கள் பணத்தைத் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள். முதலில் ப்ராசஸர், பிறகு கிராபிக்ஸ் கார்டு, கடைசியில் சில்லறை மிஞ்சினால் மானிட்டர். நான் சொல்வது இதற்கு நேர் எதிர். முதலில் திரை. திரைக்கு என்ன ஆகும் என்று பார்த்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பொட்டி. ப்ராசஸர் மெதுவாக இருந்தால் வேலை பத்து நிமிஷம் தாமதமாகும். திரை பொய் சொன்னால் வேலையே தப்பாகும். அது தப்பு என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

திரையில் என்ன பார்க்க வேண்டும்? ஐபிஎஸ் பேனல், அதில் சமரசம் வேண்டாம். எஸ்ஆர்ஜிபி என்கிற நிற அளவு நூறு சதவீதம், அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும். இது எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 1996இல் கொண்டுவந்த அளவு. இணையத்தில் போகிற படங்களுக்கு இன்றைக்கும் இதுதான் பொதுப்படி. அச்சுக்கு, ஆல்பத்துக்கு வேலை செய்கிறவர்கள் 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி அளவையும் கணிசமாகக் காட்டுகிற திரை பார்க்கலாம்; அதில் பச்சைப் பக்கம் இன்னும் விரிந்திருக்கும். விலையும் விரியும். எங்களைப் போல இணையத்தில் மட்டும் ஏற்றுகிறவர்களுக்கு அது அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த லேப்டாப்களின் விவரத்தில் பொடி எழுத்தில் '45% என்டிஎஸ்சி' என்று இருக்கும். முழு எச்டி, ஐபிஎஸ் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும், இது மட்டும் தேடினால்தான் கிடைக்கும். பார்த்த உடனே மூடி வைத்துவிடுங்கள். எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிறம் அதில் வராது. கத்திரிப்பூ நிறமும் நீலமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 72% என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால்தான் எஸ்ஆர்ஜிபிக்குக் கிட்டத்தில் வரும். லேப்டாப்தான் வேண்டும், ஊர் ஊராகப் போய்க் கல்யாணம் எடுக்கிறேன் என்றால் சரி. ஆனால் வீட்டில் ஒரு தனி மானிட்டரும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசித் திருத்தம் அதில்.

எவ்வளவு நல்ல திரை வாங்கினாலும் டப்பாவிலிருந்து எடுத்தவுடன் அது சரியான நிறம் காட்டும் என்று நம்ப வேண்டாம். நிறம் அளக்கிற சின்னக் கருவி கிடைக்கிறது, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, திரையில் தொங்கவிட்டால் அதுவே அளந்து சரிசெய்யும். மூன்று மானிட்டருக்கும் ஒரே கருவி போதும். நாங்கள் மாசம் ஒரு முறை செய்கிறோம். வெளிச்சத்தை 120 நிட் பக்கம் குறைத்து வைத்திருக்கிறோம். முதல் நாள் எல்லோரும் "என்ன ஸார், இருட்டா இருக்கு" என்றார்கள். கடையில் கண்ணைப் பறிக்கிற மாதிரி 250, 300 என்று எரிய விட்டிருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து திருத்தினால், படம் ஏற்கெனவே பளிச்சென்று இருக்கிறதே என்று இன்னும் இருட்டாக்குவீர்கள். எங்களுக்கு நடந்ததில் இதுவும் ஒரு பங்கு.

ஷேட்ஜி ஒரு நல்ல கேள்வி கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். "வாங்குறவங்க எல்லாம் பத்தாயிரம் ரூபாய் போன்ல பாக்குறாங்க. அவங்க போனே தப்பாக் காட்டும்போது நீ நாப்பதாயிரம் ரூபாய் மானிட்டர்ல சரியாப் பாத்து என்ன பிரயோஜனம்?" ஒரு நிமிஷம் எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் விஷயம் இப்படி. ஒருவர் போன் கொஞ்சம் மஞ்சளாகக் காட்டும், இன்னொருவருடையது நீலமாக, மூன்றாவது ஆள் வெயிலில் நின்று பார்ப்பார். எல்லாம் ஆளுக்கொரு திசையில் தப்பு. நம் படம் நடுவில் சரியாக இருந்தால் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய சரியாகத் தெரியும். நம் படமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் மொத்த ஊருக்கும் அதே பக்கம் சாய்ந்துதான் தெரியும். நல்ல போன் வைத்திருப்பவருக்கு இன்னும் துல்லியமாகத் தப்பாகத் தெரியும். தராசே கோணலாக இருக்கும்போது, வாங்குகிறவர் பை ஓட்டை என்று சொல்வதில் என்ன நியாயம்?

அதோடு, மயில்கழுத்தின் அந்த அடர்ந்த நீலப்பச்சை எஸ்ஆர்ஜிபிக்குள் முழுசாக அடங்கவே அடங்காது. எந்தக் கொம்பன் திருத்தினாலும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். அதனால் இப்போது அந்த மாதிரி நிறங்களுக்குப் படத்தோடு ஒரு வரி எழுதுகிறோம், நேரில் இன்னும் பச்சை சேர்ந்திருக்கும் என்று. வெயிலில் விரித்து எடுத்த படம் ஒன்றும் சேர்க்கிறோம். (அம்மாவுக்கு ராயல்டி கொடுக்க வேண்டும்.)

பொட்டிக்கு வருவோம். நினைவகம்தான் அடுத்த முக்கியம். ஒரு சின்னக் கணக்கு. 24 மெகாபிக்சல் படம் ஒன்றை 16 பிட்டில் திறந்தால் ஒரு லேயர் 144 எம்பி. பத்து முழு லேயர் போட்டால் ஒன்றரை ஜிபியை நெருங்கும். அதே மாதிரி நாலு படம் திறந்து வைத்து, பக்கத்தில் ப்ரௌசரும் வாட்ஸப்பும் ஓடினால் 16 ஜிபி மூச்சு வாங்கும். 32 இருந்தால் நிம்மதி. 64 எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரே கஷ்டம், 2025 கடைசியில் ரேம் விலை கன்னாபின்னாவென்று ஏறியது, செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் கிடைத்த சில்லையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதால். ஆகவே இன்னொரு துண்டு செருக இடம் இருக்கிற போர்டாகப் பார்த்து வாங்குங்கள், மெதுவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ப்ராசஸரில் நடுத்தரம் போதும். ஃபோட்டோஷாப்பின் பெரும்பாலான வேலைகள் ஒன்றிரண்டு கோர்களின் வேகத்தைத்தான் நம்பி இருக்கின்றன. பதினாறு கோர் வாங்கினால் மொத்தமாக ஏற்றுமதி செய்யும்போது உதவும், மற்ற நேரம் சும்மா உட்கார்ந்து கரண்ட் தின்னும். கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் மட்டும் என் பழைய கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். 2023 ஏப்ரலில் லைட்ரூமில் ஏஐ முறையில் புள்ளி இரைச்சல் நீக்குகிற வசதி வந்தது. அது முழுக்க கிராபிக்ஸ் கார்டின் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறது. கல்யாண மண்டப மங்கல் வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கில் எடுப்பவர்களுக்கு ஓரளவு நல்ல கார்டு வேண்டும். எங்களைப் போல ஸ்டுடியோ விளக்கில் எடுப்பவர்களுக்கு வேண்டாம்.

ஆப்பிளா விண்டோஸா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. 2020 நவம்பரில் எம்1 வந்ததிலிருந்து மேக் மினி மாதிரிச் சின்னப் பெட்டியே இந்த வேலைக்குத் தாராளம், சத்தமும் இல்லை, கரண்டும் கம்மி. ஆனால் நினைவகத்தை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும், பிறகு கூட்ட முடியாது. விண்டோஸ் பக்கம் செகண்ட் ஹாண்ட் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய பொட்டியை எவனாவது மலிவு என்று தள்ளிவிடப் பார்ப்பான்.

டிஸ்க் பற்றி எழுத ஆரம்பித்தால் நீளும். நாள் ஒன்றுக்கு 500 படம், அழுத்தாத 14 பிட் ரா கோப்பு ஒவ்வொன்றும் 42 எம்பி, ஆகவே தினம் 21 ஜிபி. மாசத்துக்கு அரை டிபி. வேலை நடக்கிற படங்கள் எஸ்எஸ்டியில், முடிந்தது சாதா ஹார்ட் டிஸ்கில், அதற்கு ஒரு நகல் வேறு கட்டடத்தில். எங்கள் நகல் ஷேட்ஜி வீட்டு பீரோவில், நகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. யுபிஎஸ் மறக்காதீர்கள். கடைக்காரர் இலவசம் மாதிரி சேர்த்துத் தருகிற 600 விஏ யுபிஎஸ் நிஜத்தில் 360 வாட் பக்கம்தான் தாங்கும்; பெரிய கார்டு போட்ட பொட்டியும் மானிட்டரும் சேர்ந்தால் கரண்ட் போன நொடியில் அதுவும் கூடவே போகும். சூரத்தில் கூடுதலாக ஒரு பிரச்சினை, நூல் தூசி. மூன்று மாசத்தில் ஃபேனில் ஒரு கைக்குட்டை நெய்யலாம்.

அறையையும் விடக்கூடாது. ஆரஞ்சு சுவருக்கு எதிரே உட்கார்ந்து திருத்தினால் கண் ஆரஞ்சைக் கழித்துக்கொண்டுதான் பார்க்கும். எங்கள் எடிட்டிங் அறைக்கு இப்போது சாம்பல் பெயின்ட். ஷேட்ஜி "என்னய்யா, எழவு வீடு மாதிரி" என்றார். படம் எடுக்கிற இடத்தில் சிஆர்ஐ 95க்கு மேல் உள்ள விளக்கு, ஒவ்வொரு புடவைக்கும் முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டை. அட்டை விலை சில நூறு ரூபாய். மொத்தச் செலவில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தந்தது வேறு எதுவும் இல்லை.

பரோடா நண்பருக்கு இவ்வளவையும் சொன்னேன். கடைசியில் இன்னொன்றும் சொன்னேன்: முதலாளி பையனிடமே கேட்டிருக்கிறாரே, அது பெரிய விஷயம், விடாதீர்கள் என்று. நாள் முழுக்க அந்தத் திரை முன்னால் உட்காரப் போகிறவனைக் கேட்காமல், ஏசி அறையில் இருக்கிற என்னைப் போன்ற அரைகுறைகள் பொட்டி வாங்கும் ஆபீஸ்கள்தான் அதிகம். தப்பு வந்தால் பழி மட்டும் திரை முன்னால் இருக்கிறவனுக்கு.

அந்த மூவாயிரம்? நான் ஷேட்ஜியிடம் போய், வாங்கினது நான், பிடிப்பதானால் என்னிடம் பிடியுங்கள் என்றேன். அடுத்த மாசம் பையன் சம்பளத்தில் சேர்ந்து வந்தது. என்னிடம் பிடிக்கவும் இல்லை, அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. நானும்கூட இன்றுவரை நேராக மன்னிப்புக் கேட்கவில்லை. மானிட்டரை மாற்றியபோது அவனையே கடைக்கு அழைத்துப்போய்த் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், அதில் கழிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் கழித்து அவன் மும்பைக்கு வேறு வேலைக்குப் போய்விட்டான்.

பழைய மானிட்டர் மூன்றும் இப்போது பில் போடுகிற இடத்தில் இருக்கின்றன. எழுத்துக்கு நன்றாகவே இருக்கிறது. அடுத்த மாசம் நாலாவது எடிட்டிங் பொட்டி வாங்க வேண்டும். "இந்தத் தடவை லைட் எரியற டப்பா வேணாமா?" என்று ஷேட்ஜி கிண்டலடிக்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண்ணைச் சனிக்கிழமை கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரு மயில்கழுத்துப் புடவையையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன், திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க.